வாய்க்கால் வறண்ட பிறகு வரும் கைடு: டெல்டா கல்லூரிகளின் ஆய்வு வழிகாட்டல், ஒரு மதிப்புரை

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், மன்னார்குடி, திருச்சி என்று எந்த ஊரில் பி.எஸ்சி. சேரப் போனாலும் சேர்க்கைக் கையேட்டில் இரண்டு வரி தவறாமல் இருக்கும். 'ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு மென்டார் உண்டு', 'ஆராய்ச்சிக்கும் மேற்படிப்புக்கும் வழிகாட்டல் உண்டு'. தனிக் கட்டணம் கிடையாது. ஓசியில் கிடைப்பதற்கு எதற்கு மதிப்புரை என்று கேட்கலாம். பிள்ளைகள் இதற்குக் கொடுப்பது மூன்று வருஷம், அது சில்லறை விலை இல்லை.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆசிரியர்களுக்கு ஐந்துக்கு மூன்றரை தரலாம். அவர்கள் கையில் கொடுக்கப்பட்டிருக்கும் காலண்டருக்கு ஒன்றுக்கு மேல் தர மனம் வரவில்லை.

முதலில் மென்டார் டைரி. இருபது முதல் முப்பது பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர். மாதம் ஒரு சந்திப்பு, டைரியில் வருகைப்பதிவு, இன்டெர்னல் மார்க், அரியர், 'குடும்பச் சூழல்' என்று கட்டங்கள். கல்லூரிக்குத் தரமதிப்பு போடும் நாக் குழு வரும் வாரத்தில் மூன்று வருஷத்துக் கட்டங்களும் ஒரே நீல பேனாவில் நிரம்புவதைப் பார்த்தவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும். அரியர் வைத்த பிள்ளையைக் கூப்பிட்டுப் பேச இந்த டைரி உதவுகிறது, அந்த வகையில் குறை சொல்ல மாட்டோம். ஆனால் அதில் 'இந்தப் பிள்ளை அடுத்து என்ன படிக்கப் போகிறது, அதற்கு எந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும்' என்று ஒரு கட்டம் கிடையாது. மேற்படிப்பு வழிகாட்டலைப் பொறுத்தவரை டைரி வெற்றுத்தாள்.

அசல் வழிகாட்டல் நடக்க வேண்டிய இடம் ப்ராஜெக்ட். பெரும்பாலான கலை அறிவியல் கல்லூரிகளில் அது ஆறாம் செமஸ்டரில் வருகிறது. டிசம்பர் கடைசியிலோ பொங்கல் விடுமுறை முடிந்தோ நான்கைந்து பேர் கொண்ட குழுவுக்கு ஒரு கைடு ஒதுக்கப்படுவார். ஏப்ரலில் வைவா. கையில் இருப்பது சுமார் பன்னிரண்டு வாரம், அதிலும் இரண்டு இன்டெர்னல் தேர்வு, மாதிரித் தேர்வு, ஆண்டு விழா எல்லாம் உண்டு.

இந்த டிசம்பருக்குள் என்னென்ன கதவு சாத்தப்பட்டிருக்கும் என்று பாருங்கள். எம்.எஸ்சி. சேர்க்கைக்கு ஐ.ஐ.டி.கள் நடத்தும் ஜாம் தேர்வு பிப்ரவரியில், அதற்கான விண்ணப்பம் செப்டம்பர், அக்டோபரிலேயே முடிந்துவிடும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கும், திருச்சி என்.ஐ.டி.யின் எம்.எஸ்சி.க்கும் வாசல் இதே ஜாம்தான். மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து நடத்தும் இரண்டு மாதக் கோடைக்கால ஆய்வு உதவித்திட்டத்துக்கு முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே விண்ணப்பித்திருக்க வேண்டும். அதை மூன்றாம் ஆண்டு முடிந்து செய்வதைவிட இரண்டாம் ஆண்டு முடிந்த கோடையில் செய்தால்தான் அடுத்த விண்ணப்பங்களில் காட்ட முடியும். அப்படியானால் கைடு தேவைப்படுவது மூன்றாம் செமஸ்டரில். வருவது ஆறாம் செமஸ்டரில். டிசம்பருக்குப் பிறகும் திறந்திருப்பது மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் முதுநிலைத் தேர்வு மாதிரி ஒன்றிரண்டுதான். நீலக்குடியில் இருக்கும் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு அது போதும்.

டெல்டாவில் இந்தத் தாமதத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. வேதியியல், விலங்கியல், சுற்றுச்சூழல் துறைகளில் ஆண்டுதோறும் குறைந்தது ஒரு குழு 'ஆற்று நீரின் தரம்' என்று தலைப்பு எடுக்கும். வழக்கப்படி மேட்டூர் திறப்பது ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. பிப்ரவரி இரண்டாம் வாரம் புட்டியோடு அரசலாற்றுக்கோ குடமுருட்டிக்கோ போனால் மணல்தான் இருக்கும், நடுவில் சாக்கடை ஓடும் ஒரு கோடு. அந்தக் கோட்டிலிருந்து மூன்று மாதிரி எடுத்து 'காவிரிக் கிளையாறுகளின் நீர்த்தரம்' என்று பைண்டிங் போட்டால் தலைப்பு ஒன்று, தண்ணீர் வேறு. ஜூலையில் புது வெள்ளம், செப்டம்பரில் நிலையான ஓட்டம், நவம்பரில் மழைக் கலங்கல் என்று மூன்று முறை எடுத்திருந்தால் அதுவே ஒரு நல்ல சிறு ஆய்வு. மண் ஆய்வுக்கும் இதே கணக்குத்தான். அறுவடை முடிந்து அடுத்த உரம் விழுவதற்குள் மாதிரி எடுக்க வேண்டும். வயலில் குறுக்கும் நெடுக்குமாகப் பத்துப் பதினைந்து இடத்தில் 15 செ.மீ. ஆழத்துக்கு வி வடிவக் குழி வெட்டி, ஓரத்திலிருந்து சீவி எடுத்து, கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்க் கால்பாகங்களைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவாக்கி, நிழலில் உலர்த்த வேண்டும். வரப்போரம், எருக்குழி அருகே, மரத்தடி எல்லாம் தவிர்க்க வேண்டும். சம்பா அறுப்பு எப்போது என்று அப்பாவிடம் கேட்டாலே அட்டவணை போட்டுவிடலாம்.

நல்ல கைடு, பெயருக்குக் கைடு இருவருக்கும் உள்ள வேறுபாடு தெரிய ஒரே ஒரு சோதனையை நெருங்கிப் பார்த்தால் போதும். கரைந்த ஆக்சிஜன் அளக்கும் விங்க்ளர் முறையை எடுத்துக்கொள்வோம், இங்கே எல்லாக் கல்லூரி ஆய்வகத்திலும் அதற்கான பொருள் இருக்கிறது.

பெயருக்குக் கைடு உள்ள குழு தண்ணீரை பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து, டவுன் பஸ்ஸில் வந்து, மதியம் லேப் திறந்த பிறகு அளக்கும். பாட்டில் பாதி காலியாகக் குலுங்கியதில் காற்று கலந்து ஆக்சிஜன் ஏறியிருக்கும். உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் அதே நேரத்தில் அதைக் குடித்துக் குறைத்திருக்கும். எது எவ்வளவு என்று இனி யாராலும் சொல்ல முடியாது. கழிவு கலந்த வாய்க்கால் ஆரோக்கியமான ஆறுபோல எண் காட்டுவது இப்படித்தான்.

சரியான முறையில் 300 மி.லி. பி.ஓ.டி. புட்டியை ஆற்றிலேயே குமிழி இல்லாமல் நிரப்ப வேண்டும். அங்கேயே பிப்பெட் முனை தண்ணீருக்குள் இருக்கும்படி மாங்கனீசு சல்பேட் 2 மி.லி., கார அயோடைடு அசைடு 2 மி.லி. விட்டு மூடி, தலைகீழாகத் திருப்பித் திருப்பிக் கலக்க வேண்டும். பழுப்பு வீழ்படிவு வந்தால் ஆக்சிஜன் இருக்கிறது, வெள்ளையாகவே நின்றால் இல்லை. கரையில் நிற்கும்போதே பாதி விடை தெரிந்துவிடும். லேபுக்கு வந்து அடர் கந்தக அமிலம் 2 மி.லி. விட்டு வீழ்படிவு கரைந்ததும், 203 மி.லி. எடுத்து 0.025 நார்மல் தயோசல்பேட்டால் தரம்பார்க்க வேண்டும். ஏன் 203? 300 மி.லி. புட்டியில் முதலில் விட்ட 4 மி.லி. மருந்து அந்த அளவு தண்ணீரை வெளியே தள்ளிவிட்டது, அசல் தண்ணீர் 200 மி.லி. வேண்டுமென்றால் 203 எடுக்க வேண்டும். இந்தக் கணக்கில் செலவாகும் ஒவ்வொரு மி.லி. தயோசல்பேட்டும் லிட்டருக்கு 1 மி.கி. ஆக்சிஜன். ஸ்டார்ச்சை வைக்கோல் மஞ்சளாக வெளுத்த பிறகே விட வேண்டும். முன்னாலேயே விட்டால் அயோடினைப் பிடித்துக்கொண்டு நீலம் போகாமல் அடம்பிடிக்கும், அளவு தப்பும்.

இதில் பிள்ளைகள் சறுக்கும் இடம் தயோசல்பேட் புட்டி. போன செமஸ்டரில் கலக்கி வைத்ததன் மேல் '0.025' என்று லேபிள் இருக்கும், உள்ளே இருப்பது வலு குறைந்த கரைசல். வலு குறைந்தால் அதிகம் செலவாகும், ஆக்சிஜன் அதிகம் இருப்பதாகக் கணக்கு காட்டும். 30 டிகிரி வெப்பத்தில் நல்ல தண்ணீரே லிட்டருக்கு ஏழரை மி.கி. அளவில்தான் ஆக்சிஜனைத் தாங்கும். பாசி இல்லாத ஆற்று நீரில் காலை எட்டு மணிக்கு 11 வந்திருக்கிறதென்றால் நல்ல கைடு 'டைக்ரோமேட்டை வைத்து தயோவை ஸ்டாண்டர்டைஸ் பண்ணினியாம்மா?' என்று கேட்பார், அதாவது கரைசலின் உண்மையான வலுவைச் சரிபார்த்தாயா என்று. மற்றவர் 'சரி, டேபிளில் போட்டுடு' என்பார். அந்த ஒரு கேள்வியைத்தான் நாம் வழிகாட்டல் என்கிறோம். ஆய்வுக் குறிப்பேட்டில் சிவப்பு மை விழுந்திருக்கிறதா, தப்பான எண் அழிக்கப்படாமல் ஒற்றைக் கோடு போட்டு அடிக்கப்பட்டு, பக்கத்தில் காரணம் எழுதியிருக்கிறதா என்று பார்த்தால் கைடு உட்கார்ந்து பார்த்தாரா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

ப்ராஜெக்ட் சென்டர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடை மாடியில் சில ஆயிரத்துக்கு முழு ப்ராஜெக்டும் தங்க எழுத்து பைண்டிங்கோடு கிடைக்கும். நான்காம் அத்தியாயத்தில் வேறு கல்லூரியின் பெயர் மாற்றப்படாமல் நிற்கும். முதுநிலை நேர்முகத்தில் 'இந்த வரைபடத்தில் இந்தப் புள்ளி ஏன் விலகி நிற்கிறது?' என்று கேட்டால் போட்ட காசு அங்கேயே மூழ்கும். இதே ரகம்தான் ஒரு வாரத்தில் கட்டுரை அச்சேற்றித் தரும் 'சர்வதேச' இதழ்களும். ஐ.எஸ்.எஸ்.என். எண் இருப்பது தரச்சான்று இல்லை, அது வெறும் பதிவெண். தரமான இதழ்கள் என்று யு.ஜி.சி. வைத்திருந்த கேர் பட்டியலையே 2025இல் கைவிட்டுவிட்டது. இதழின் தரத்தைக் கல்லூரி ஆசிரியர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். பட்டியலைக் காட்டித் தப்பிக்க இனி முடியாது.

அடுத்து பரிந்துரைக் கடிதம். இந்தச் சேவையில் மிக மோசமான பகுதி இதுதான், மிகச் சுலபமாகச் சரிசெய்யக் கூடியதும் இதுதான்.

'சார், ஒரு லெட்டர் வேணும் சார்.'

'டைப் பண்ணி எடுத்துட்டு வாப்பா, சைன் போட்டுத் தர்றேன்.'

பெரும்பாலும் இவ்வளவில் முடிகிறது. பிள்ளை இணையத்திலிருந்து எடுத்த வாசகத்தை அடிக்கும்: கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர், நேரம் தவறாதவர். இது நன்னடத்தைச் சான்றிதழ், வேறு தாளில். அதே துறையிலிருந்து ஆறு பேர் ஒரே வாசகத்தோடு ஒரே நிறுவனத்துக்கு விண்ணப்பித்தால் ஆறும் குப்பைக்குப் போகும். தேர்வுக் குழு தேடுவது வேறு: இந்த ஆசிரியர் இந்தப் பிள்ளையை எந்தப் பொறுப்பில், எத்தனை மாதம் பார்த்தார், எதைத் தானாகக் கண்டுபிடித்தது, எங்கே தடுமாறியது, எப்படி மீண்டது. 'முதல் மாதம் எடுத்த பத்து மாதிரியில் ஏழு வீண், தயோசல்பேட் பழசு என்பதை அவரே கண்டுபிடித்து மறுபடி செய்தார்' என்று ஒரு வரி இருந்தால் அது பத்து 'கடின உழைப்பாளி'க்குச் சமம். துறைத்தலைவர் கையெழுத்துதான் பெரிது என்று ஓடுவதும் வேண்டாம். பாடமே எடுக்காத தலைவரின் மூன்று வரியைவிட ப்ராஜெக்டில் கூட நின்ற இளைய ஆசிரியரின் ஒரு பக்கம் மேல்.

பிள்ளைகள் செய்ய வேண்டியது சின்ன வேலை. கடைசித் தேதிக்கு மூன்று வாரம் முன்பே ஒரு தாள் கொடுங்கள். அதில் எந்தச் செமஸ்டரில் அவரிடம் எந்தப் பாடம், ப்ராஜெக்டில் நீங்கள் தனியாகச் செய்த பகுதி, செய்த தப்பு, திருத்திய விதம், எந்த நிறுவனம், எந்தத் தேதி என்று மட்டும் இருக்கட்டும். பெருமை வாசகம் வேண்டாம், தகவல் போதும். ஐந்து நாள் முன்னால் ஒரு நினைவூட்டல். பல விண்ணப்பங்களில் கடிதத்துக்கான இணைப்பு ஆசிரியரின் மின்னஞ்சலுக்கே நேராகப் போகும், அது ஸ்பேம் பெட்டியில் கிடப்பது வழக்கம். கல்லூரிப் பெயரில் முகவரி உள்ள ஆசிரியர் என்றால் நல்லது, சொந்த ஜிமெயிலைச் சந்தேகமாகப் பார்க்கும் இடங்கள் உண்டு.

இங்கேதான் கௌரவ விரிவுரையாளர்களின் நிலைமை உறுத்துகிறது. அரசுக் கல்லூரிகளில் பல துறைகள் அவர்கள் தோளில்தான் நிற்கின்றன. பிஎச்.டி. முடித்து, ஆராய்ச்சிச் சூடு ஆறாமல் வந்தவர்கள். மாலை ஐந்து மணிக்கும் லேபில் பிள்ளைகளோடு நிற்பவர்கள் பெரும்பாலும் அவர்களே. கல்லூரி மின்னஞ்சல் இருக்காது, ப்ராஜெக்ட் முகப்புத்தாளில் சில இடங்களில் பெயரும் இருக்காது, அடுத்த ஜூனில் அவர்கள் அங்கே இருப்பார்களா என்பதும் தெரியாது. நிரந்தர ஆசிரியரும் அவரும் சேர்ந்து இருவர் கையெழுத்தில் ஒரே கடிதம் தருவது நியாயமான வழி. நிரந்தர ஆசிரியர்களை மட்டும் குறை சொல்வதும் சரியில்லை. உதவிப் பேராசிரியருக்கு யு.ஜி.சி. கணக்கில் வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு. அதற்கு மேல் தேர்வுப் பணி, நாக் கோப்பு, சேர்க்கைப் பணி. ப்ராஜெக்ட் பார்க்கும் நேரம் பல கல்லூரிகளில் கால அட்டவணையில் ஒரு பீரியடாகக்கூட ஏறுவதில்லை.

வெளி ஆய்வகங்களுக்கு மின்னஞ்சல் எழுதச் சொல்லிக்கொடுப்பதில் கல்லூரிகள் பலவீனம். கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு ராமானுஜன் 1913இல் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தை உதாரணம் காட்டாத மேடை கிடையாது. அந்தக் கடிதத்தோடு பக்கம் பக்கமாகத் தேற்றங்கள் போயின என்பதையும், அதற்கு முன் எழுதிய வேறு இரண்டு கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர்களிடமிருந்து உதவி வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் பிள்ளைக்குப் பயன். 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் ஆராய்ச்சியில் ஆர்வம் உள்ளது' என்று நாற்பது பேருக்கு ஒரே அஞ்சலை அனுப்பினால் ஒரு பதிலும் வராது. 150 சொல்லுக்குள் எழுதுங்கள். அவருடைய ஒரு கட்டுரையில் நீங்கள் படித்துப் புரிந்த ஒரு படம் அல்லது அட்டவணை, அதில் எழுந்த ஒரு கேள்வி, உங்களுக்குக் கைவந்த ஒரு வேலை, நீங்கள் வரக்கூடிய தேதிகள், ஒரு பக்க சுயவிவரம். பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். கட்டுரை கிடைக்கவில்லை என்று சொல்ல வேண்டாம். பெரும்பாலான கல்லூரி நூலகங்களில் ஆய்விதழ்களை இணையத்தில் படிக்க என்-லிஸ்ட் கணக்கு உண்டு, நூலகரிடம் கேட்டால் கடவுச்சொல் கிடைக்கும். கேட்கும் பிள்ளை குறைவு என்பதால் நூலகர் சந்தோஷப்படவும் கூடும். டெல்லி, பெங்களூரு போய்த்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கிறது, திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது, தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. பஸ்ஸில் போய் வரும் தூரம்.

தேர்வுத் தயாரிப்பில் துறைகள் செய்யும் தவறு, செமஸ்டர் பாணியிலேயே ஜாமுக்கும் சொல்லித்தருவது. 60 கேள்வி, 100 மார்க், மூன்று மணி நேரம். முதல் பிரிவில் தப்புக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும். பல விடை சரியாக இருக்கக்கூடிய இரண்டாம் பிரிவிலும், எண்ணைத் தட்டச்சு செய்யும் மூன்றாம் பிரிவிலும் கழிவு கிடையாது. இந்த இரண்டும் சேர்ந்து 50 மார்க். அந்த எண் விடைக் கேள்விகளைத் திரையில் வரும் கால்குலேட்டரை மவுஸால் தட்டித்தான் போட வேண்டும், கையிலிருக்கும் கேசியோ உள்ளே போகாது. வாரம் ஒரு மணி நேரம் கணினி லேபில் பழைய தாளை வைத்துப் பழக்கினால் போதும். அதைச் செய்யும் துறைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

மூன்றாண்டு பட்டம் பற்றியும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல 16 ஆண்டுக் கல்வி கேட்கின்றன, பி.எஸ்சி. முடித்தவருக்கு 15தான் ஆகியிருக்கும். எம்.எஸ்சி. முடித்து விண்ணப்பிப்பதே இங்குள்ள பிள்ளைகளுக்கு நடைமுறை வழி. இதை இறுதியாண்டு மார்ச்சில் சொல்லி, அதற்குள் தேர்வுக் கட்டணம் கட்டியிருந்தால் அந்தக் காசு போனதுதான்.

எந்த மென்டாரும் கவனிக்காத ஒரு தாள் சாதிச் சான்றிதழ். நம் மாநில பி.சி., எம்.பி.சி. சான்றிதழை வைத்துக்கொண்டு பிள்ளைகள் நிம்மதியாக இருப்பார்கள். ஜாம், கியூட் கேட்பது மத்திய அரசு படிவத்தில் உள்ள ஓ.பி.சி. கிரீமிலேயர் அல்லாதோர் சான்றிதழ், அதுவும் அறிவிப்பில் சொன்ன தேதிக்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மேசை தாண்டி வர நாளாகும். வெள்ள நிவாரணக் கணக்கெடுப்பு நடக்கும் மாதமென்றால் இன்னும் இழுக்கும். ஆகஸ்டிலேயே துறை அறிவிப்புப் பலகையில் இதை ஒட்டும் கல்லூரி எதுவோ அங்கே தைரியமாகச் சேரலாம்.

சேருமுன் துறையில் கேட்க வேண்டியவை மூன்று. ப்ராஜெக்ட் கைடு எந்தச் செமஸ்டரில் ஒதுக்கப்படுகிறார்? போன வருஷத்து ஆய்வுக் குறிப்பேடு ஒன்றைக் காட்ட முடியுமா? பைண்டிங் போட்டதை வேண்டாம் என்று சொல்லுங்கள், குறிப்பேடுதான் வேண்டும். மூன்றாவது, வெளியூர்க் கோடை ஆய்வுக்கு இடம் கிடைத்த பெண் பிள்ளையின் வீட்டுக்குத் துறையிலிருந்து யாராவது போன் பண்ணிப் பேசுவார்களா? இடம் கிடைத்தும் போகாமல் நின்றுவிடுகிறவர்களை நிறுத்துவது மார்க் இல்லை, இரண்டு மாதம் தெரியாத ஊர் என்ற பயம். 'அம்மா, நான் காலேஜ்ல இருந்து பேசுறேன், ஹாஸ்டல் உள்ளேயே இருக்கு, நானே விசாரிச்சுட்டேன்' என்று மேடம் சொன்னால் பெட்டி கட்டிவிடுவார்கள்.